முந்நூறு வருடம் பின்னால் போன மாப்பிள்ளை விசாரிப்பு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அவனை முதலில் அறிந்தவள் நான்.
2. ஒரு சனிக்கிழமை அவனை, இந்தப் பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்குக் கொத்துரொட்டி சாப்பிடக் கூட்டிவந்தவளும் நான். என் மச்சாள், அதாவது மாமாவின் மகள், அன்று தற்செயலாக வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தாள்.
3. ஒரு வருடம் கழித்து, இருவரும் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னார்கள்.
4. மாப்பிள்ளை வீட்டை விசாரித்துத் தரும்படி மாமி என்னைக் கேட்டார்.
5. அவனுடைய மூதாதை ஒருவரை, அமெரிக்கா இன்னும் இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த காலத்துச் சபைப் புத்தகங்களிலும் ஊர்ப் பதிவேடுகளிலும் தேடிப் பிடித்தேன். பதினைந்து பதிவுகள் கிடைத்தன.
6. மாமிக்குப் பதினான்கைக் கொடுத்தேன்.
7. கலியாணம் தள்ளிப்போனது.

ஆறாவதற்குக் காரணம் பொறாமை. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நான் தரவுத்தளப் பொறியியல் படித்தவள். பழைய ஆவணங்களைப் படமெடுத்து, தேடினால் கிடைக்கும்படி ஒழுங்குசெய்து கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. அவன் அமெரிக்காவிலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவன். பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிப்பதில் கெட்டிக்காரன். செவ்வாயும் வியாழனும் நாங்கள் சேர்ந்து சாப்பிடுவோம். நான் வீட்டிலிருந்து கொண்டுபோகும் சோற்றில் பாதியை அவன் சாப்பிடுவான். தன் ரொட்டியில் பாதியை எனக்குத் தருவான். கையால் சாப்பிட அவனைப் பழக்கியது நான். மூன்று வியாழக்கிழமைகள் எடுத்தன. அந்தப் பழைய கையெழுத்தை வாசிக்க என்னைப் பழக்கியது அவன். எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: தகப்பன் வழியில் தங்கள் குடும்பம் ஒன்பது தலைமுறையாக மசாசூசெட்ஸ் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தது, முதலில் வந்தவர் மரப்பீப்பாய் செய்பவர், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. யாராவது ஒருநாள் தேடிப் பார்க்கவேண்டும் என்றான்.

'யாராவது' என்றால் நான் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமையே ஓர் அட்டவணை திறந்தேன். ஐந்து நிரல்கள்: எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், என்ன திகதி, என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு நம்பலாம். அவனுடைய பிறந்தநாள் ஒக்டோபரில். அதற்குள் முடித்து, அச்செடுத்து, கட்டிக் கொடுப்பதாகத் திட்டம். ஏழு பதிவுகள் வரை வந்தேன். ஒக்டோபர் வந்தபோது அவனும் மச்சாளும் கைகோத்துக்கொண்டு மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவின் படியில் ஏறிவருவதைக் கண்டேன். கோப்பை மூடினேன். அழிக்கவில்லை.

மச்சாளும் நானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அவர்கள் வீடு மார்க்ஸ் டோர்மோயில், ஐந்தாம் மாடி. நாங்கள் புறநகரில், வில்லியே லே பெல்லில். சின்ன வயதில் இரண்டு வீட்டுக்கும் ஒரேமாதிரி உடுப்பு வரும். அவள் போட்டால் அது வேறுமாதிரி இருக்கும். அவள் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. எந்தப் படிவத்தையும் முழுதாக நிரப்பியதில்லை. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ஆனால் அவள் சிரித்தால் எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றி ஒரு படி உயர்வாக நினைத்துக்கொள்வார். நான் பதினொரு மாதம் மேசைக்கு எதிரில் இருந்து செய்யாததை அவள் ஒரு கொத்துரொட்டி முடிவதற்குள் செய்துவிட்டாள்.

அவனிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதையும் இங்கே எழுதவேண்டும். அவன் எனக்குத் துரோகம் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதுவும் எரிச்சல்.

மாமிக்கு லா சப்பலில் சேலைச் சட்டை தைக்கும் சின்னக் கடை இருக்கிறது. இரண்டு தையல் மெஷின், ஒரு கண்ணாடி, ஒரு திரை. தை மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து போகும் வழியில் என்னைக் கூப்பிட்டார். உள்ளே ஒரு பெண் அளவு கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடை ஆக்களெண்டா ஒரு கிழமையிலை விசாரிச்சு முடிச்சிடுவன்," என்றார் மாமி, வாயில் குண்டூசியோடு. "ஊரைச் சொன்னா ஊரிலை ஒராள் இருக்கும். இல்லாட்டிக் கனடாவிலை இருக்கும். உவன்ரை ஆக்களை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

"அவரிட்டையே கேளுங்கோவன், மாமி."

"எந்த மாப்பிள்ளை தன்ரை வீட்டைப் பற்றி உண்மை சொன்னவன்?"

அளவு கொடுத்த பெண் கைகளைத் தூக்கியபடியே, "அண்ணையும் அப்பிடித்தானோ, அக்கா?" என்றாள்.

"அவரோ? தான்தான் மூத்த பிள்ளை எண்டு சொன்னவர். கலியாணத்தண்டு பாத்தா மேலை ரெண்டு தமையன்மார் வேட்டியோடை வந்து நிக்கினம். நீ ஆடாமல் நில்."

ஏற்கெனவே ரொறன்ரோவில் இருக்கும் தன் தங்கச்சிக்கு எடுத்துக் கேட்டிருக்கிறார்: பக்கத்து நாடுதானே, காரில் ஒருக்கால் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வாவன் என்று. தங்கச்சி, அது எட்டொன்பது மணித்தியால ஓட்டம் என்றும், அங்கே முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் பொலிசுக்கு எடுப்பார்கள் என்றும் சொல்லிவிட்டாராம்.

"அப்ப நீதான் பாக்கவேணும், பிள்ளை. உனக்குத்தானே உந்தப் பழைய கொப்பியள் வாசிக்கிற வேலை."

"எத்தனை தலைமுறை பாக்க?"

"எங்கடை ஆக்களெண்டா மூண்டு போதும். இது தெரியாத சனம். போகக்கூடிய மட்டும் போ."

ஓம் என்றேன். கோப்பு ஏற்கெனவே பாதி நிரம்பியிருப்பதைச் சொல்லவில்லை.

கிட்டிய தலைமுறைகளில் விசேஷம் எதுவும் இல்லை. ஆசிரியர்கள், ஒரு தபால்காரர், பிறகு மண்ணை உழுத கமக்காரர்கள். ஒவ்வொருவரையும் ஞானஸ்நானத்தாலும் காணி உறுதியாலும் அவருக்கு முந்தியவரோடு இணைத்துக்கொண்டே போனால், எல்லா இழைகளும் அந்தப் பீப்பாய்க்காரரிடம் போய் முடியும். அவரிடம் வந்தபோதுதான் புத்தகங்கள் பேசத் தொடங்கின.

அந்த ஊர்களில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஊர்க் கிளார்க் எழுதியது ஒன்று: பிறப்பு, கலியாணம், இறப்பு, வேலி, மாடு, யாருக்கு என்ன பொறுப்பு. சபைப் போதகர் எழுதியது மற்றது: யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் இராப்போசனத்துக்குச் சேர்க்கப்பட்டார், யார் என்ன குற்றத்தை எல்லோர் முன்னும் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு மனிதர் தெரிவார்.

முதல் பதிவு அவர் அந்த ஊருக்கு வந்தது. இரண்டாவது, வந்த சில மாதங்களில் ஊரவர் அவருக்குக் கொடுத்த எச்சரிக்கை: இந்த ஊரில் குடியிருக்க உனக்கு உரிமை இல்லை, போய்விடு. மூன்றாவது, அதே ஊரில் அவருடைய கலியாணம். அவர் போகவில்லை.

நான்காவது முதல் பிள்ளை. இதில் நான் கிட்டத்தட்டப் பிழைவிட்டேன். அந்தக் காலத்தில் அங்கே வருடம் மார்ச் இருபத்தைந்தாம் திகதிதான் மாறும். அதனால் மாசியில் பிறந்த பிள்ளை, அதற்கு முந்திய புரட்டாதியில் நடந்த கலியாணத்தின் அதே வருட எண்ணோடு எழுதப்பட்டிருந்தது. அப்படியே எடுத்தால் பிள்ளை கலியாணத்துக்கு ஏழு மாதம் முன்பு பிறந்ததாக வரும். சரிசெய்தேன், கலியாணத்துக்குப் பின் ஐந்தாம் மாதம். அந்தளவுக்கு அப்போது நேர்மையாக இருந்தேன். ஐந்தாவது பதிவு, அதே விஷயத்துக்காகப் புருஷனும் பெண்சாதியும் சபையின் முன் எழுந்து நின்றது. ஆறாவது, அடுத்த ஞாயிறு பிள்ளையின் ஞானஸ்நானம்.

பிறகு காணி வாங்கினார். கட்டாக்காலிப் பன்றிகளைப் பிடிக்கும் பொறுப்பை ஊர்க் கூட்டம் ஒரு வருடம் அவருக்குக் கொடுத்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், ஒன்று இறந்தது. பதினோராவது பதிவு ஓர் ஆசனப் பட்டியல். ஊரவர் புதிய ஆலயம் கட்டியபோது, யார் எந்த வாங்கில் உட்காருவது என்பதை ஒரு குழு தீர்மானித்தது. வயது, சொத்து, ஊரில் உள்ள மதிப்பு, இவற்றைப் பார்த்து வரிசை கொடுத்தார்கள். பீப்பாய்க்காரருக்கு நான்காம் வரிசை. அவருடைய மனைவியின் தம்பிக்கு இரண்டாம் வரிசை.

பன்னிரண்டாவது: அவர் தன் இடத்தில் உட்கார மறுத்து, பிரசங்கம் முடியும்வரை பின்னால் நின்றார், பல ஞாயிறுகள் நின்றார், ஒரு ஞாயிறு எல்லோருக்கும் கேட்கும்படி மச்சானைப் பற்றி ஏதோ சொன்னார். பதின்மூன்றாவது: சபை கூப்பிட்டுக் கேட்டது, அவர் மன்னிப்புக் கேட்க மறுத்தார், இராப்போசனத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்.

பதினான்காவது, இரண்டு வருடத்துக்குப் பின்னர். அவர் சபையின் முன் எழுந்து நின்றார். மச்சானுக்குக் கிடைத்த இடத்தைப் பொறாமையோடு பார்த்ததாகவும், அந்தப் பொறாமை இரண்டு வருடமும் தன்னோடு பட்டறையிலும் சாப்பாட்டு மேசையிலும் இருந்ததாகவும், மச்சான் தனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்பது தொடக்கத்திலிருந்தே தனக்குத் தெரியும் என்றும் சொன்னதாகப் போதகர் எழுதியிருந்தார். சபை கை உயர்த்தி அவரை மறுபடி சேர்த்துக்கொண்டது.

பதினைந்தாவது, ஏழு வருடம் கழித்து அவருடைய இறப்பு. திகதி மட்டும்.

பதினான்காவதை மூன்று தடவை வாசித்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. வாசித்துக்கொண்டிருக்கும்போது மச்சாளிடமிருந்து ஒரு படம் வந்தது. அவளுடைய வீட்டு மேசையில் அவன் சோறு குழைத்துச் சாப்பிடுகிறான். கீழே எழுதியிருந்தாள்: 'பார், எவ்வளவு வடிவாச் சாப்பிடுறார். நான் பழக்கினது.'

அவள் பகிடிக்கு எழுதியிருக்கலாம். அவனைப் பழக்கியது யாரென்று அவளுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

அட்டவணையில் ஒரு வரியை நீக்குவதற்கு ஒரு விநாடி போதும். எண்களைச் சூத்திரம் போட்டு வைத்திருந்தேன். பதினைந்தாவது வரி தானாகவே பதினான்காக மாறியது. நிறுத்தி வைக்கப்பட்டார், அதற்கு நேர் கீழே, இறந்தார். இருந்த பதினான்கு வரிகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. தமிழில் மூன்று பக்கமாக எழுதி அச்செடுத்தேன்.

மாமா ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். திங்கட்கிழமைதான் அவருக்கு ஓய்வு. ஆகவே பெப்ரவரியில் ஒரு திங்கள் பின்னேரம் மார்க்ஸ் டோர்மோய் வீட்டில் அறிக்கையை வாசித்தோம். மாமி, மாமா, மச்சாள், நான். அவனை மாமி கூப்பிடவில்லை. விசாரிப்பு வாசிக்கும்போது மாப்பிள்ளை இருப்பது வழக்கமில்லையாம். நான் உரக்க வாசித்தேன்.

ஊரைவிட்டுப் போகும்படி எச்சரிக்கை கொடுத்த இடத்தில் மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உந்தக் கடிதம் எனக்கும் வந்ததெல்லோ. முப்பது நாளுக்கிடையிலை நாட்டை விட்டு வெளிக்கிடு எண்டு."

"ஓம், நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றார் மாமி.

"அந்தாள் செய்ததைத்தான். கலியாணம் கட்டினனான்."

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளை ஐந்தாம் மாதம் பிறந்த இடத்தில் மாமி இன்னொரு தடவை தேத்தண்ணீர் ஊற்றினார். "கட்டினவர்தானே. விட்டிட்டுப் போகேல்லை. மேலை வாசி."

வாங்குச் சண்டையை வாசித்தபோது மாமாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "எங்கடை கலியாண வீடுகளிலை முன் கதிரைக்கு நடக்கிறதுதான். அந்தாளை எனக்கு இப்பவே தெரியும்போலை கிடக்கு."

"மே பப்பா, செ ட்ரோ ட்ரோல்," என்றாள் மச்சாள், சரியான பகிடி என்று. தகப்பனின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நான் போட்ட கணக்கு பிழையாகிக்கொண்டிருந்தது. நான் பொறுக்கி வைத்திருந்த குறைகளை எல்லாம் இவர்கள் பலகாரம்போல எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதின்மூன்றாவதையும், இப்போது பதினான்காவதாகிவிட்ட இறப்பையும் வாசித்தேன்.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அந்தாள் நன்மை எடுக்காமலோ செத்தது?"

அவர்கள் இராப்போசனம் என்பதுதான் கத்தோலிக்கரான எங்களுக்கு நற்கருணை; அதை எங்கள் வீடுகளில் நன்மை என்றுதான் சொல்வோம். யாராவது கோபத்தோடு இருந்தால், கோபத்தைத் தீர்த்துவிட்டுப் போய் நன்மை எடு என்பார்கள். எடுக்காமலே ஒருவர் செத்துப்போவதைப் பற்றி எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

"அப்பிடித்தான் இருக்கு," என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"சொந்த மச்சானோடை கோவம். அந்தக் கோவத்தோடையே செத்தது. ஆரும் அவருக்காகப் பூசை ஒப்புக்குடுத்தவையோ?"

"மாமி, அவையள் பூசையே பிழை எண்டு சொல்லிப் பிரிஞ்சு போன ஆக்கள்."

"செத்தாப் பிறகு ஆர் உதெல்லாம் பாக்கிறது?" என்றார் மாமி.

மறுநாளே தமிழ்ப் பூசை வைக்கும் பாதரிடம் பேசிவிட்டார். ஒன்பது தலைமுறைக்கு ஒன்பது பூசை. மாதம் ஒன்று, முதல் வெள்ளியில். மார்ச்சில் தொடங்கினால் நவம்பரில் முடியும். அதற்குப் பிறகுதான் கலியாணத்துக்கு நாள் பார்ப்பது. அந்தாளின் கோபம் இறங்காத வீட்டுக்குப் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்றார்.

அவனுடைய ஒப்பந்தம் ஒகஸ்ட்டில் முடிகிறது. வதிவிட அனுமதியும் அதோடு முடியும். அதற்குள் கலியாணம் நடக்காவிட்டால் அவன் திரும்பிப் போகவேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். நகரசபையில், இங்கே எல்லோரும் சொல்வதுபோல் மெரியில், தாங்களாகவே பதிவுசெய்யலாமே என்று நான் மச்சாளைக் கேட்டேன். உண்மையில் பதிலை அறியத்தான் கேட்டேன்.

"அம்மா ஓம் எண்டு சொல்லாமல் நான் மெரிக்குப் போகமாட்டன்," என்றாள். தமிழில் சொன்னாள்.

வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தாய் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராதவள். நான் அப்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவன் போனால் எனக்கும் கிடைக்கமாட்டான். அதைத் தெளிவாகவே பார்த்தேன். அவளுக்குக் கிடைக்காமல் போவது எனக்குப் போதுமாக இருந்தது.

மார்ச் பூசைக்கு நான் போகவில்லை. ஏப்ரலுக்கும் போகவில்லை. மே மாதம் மாமி கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார். பூசை தொடங்கமுன் பாதர் அன்றைய மன்றாட்டுகளை வாசித்தார். நெடுந்தீவில் இறந்த ஒருவருக்காக. மன்னாரில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு தாய்க்காக. அதற்கடுத்து அந்தப் பீப்பாய்க்காரரின் பெயர். பாதர் அதை இரண்டு தடவை தடுமாறி உச்சரித்தார். எனக்கு முன் வரிசையில் அவன் இருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது; அந்தப் பெயர் மட்டும் விளங்கியது. தலையைக் குனிந்தான். மச்சாள் அவனுடைய முதுகில் கையை வைத்தாள்.

பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது என்னிடம் வந்தான். நன்றி சொன்னான். தன் குடும்பத்தில் யாருமே அந்த மனிதருக்காக இவ்வளவு செய்ததில்லை என்றான். பிறகு கேட்டான்: அந்த நிறுத்தி வைத்தலுக்குப் பிறகு சபைப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லையா?

நான் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான்: "நீ பார்த்திருக்கிறாய். இருந்தால் நீ கண்டிருப்பாய்."

அவன் மச்சாளை விரும்பினான். என் அட்டவணையை நம்பினான். அவன் எனக்குத் தந்தது அந்த நம்பிக்கை மட்டும்தான், நான் அதைத்தான் பழுதாக்கி வைத்திருந்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை, மத்தியானம், மாமியின் கடைக்குப் போனேன். ஒருவரும் இல்லை. மாமி ஒரு சட்டைக்குக் கொழுக்கி தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மாமி, அறிக்கையிலை ஒரு பதிவு விடுபட்டது."

"மறந்து போனியோ?"

"இல்லை. எடுத்தனான்."

ஊசி நின்றது. "வாசி," என்றார்.

கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தின் படத்தைத் திறந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மச்சானுக்குக் கிடைத்த இடத்தைப் பொறாமையோடு பார்த்தேன். அது என்னோடு பட்டறையிலும் மேசையிலும் இருந்தது. அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். மொழிபெயர்க்கும்போது 'அவர்' என்று தொடங்கியது எங்கேயோ 'நான்' என்று ஆகிவிட்டது. மூலத்தில் அப்படி இல்லை. சபை அவரைச் சேர்த்துக்கொண்டது என்று சொல்லி முடித்தேன்.

மாமி என்னைப் பார்த்தார். அவர் அளவு எடுக்கும்போது ஆட்களைப் பார்ப்பது அப்படித்தான்.

"உனக்கு அவனிலை விருப்பம் இருந்ததோ?"

"ஓம்."

"எப்ப துவக்கம்?"

"இவளுக்கு முதலே."

"சரி. அதை நீ முதலே சொல்லியிருந்தா, நான் விசாரிக்கிற வேலையை வேற ஆளிட்டைக் குடுத்திருப்பன்."

அவ்வளவுதான். ஏசவில்லை, அழவில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. கொழுக்கியைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இதை அவளுக்கு நான் சொல்லமாட்டன். நீதான் சொல்லவேணும். இண்டைக்கே சொல்லு."

மச்சாள் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். இடைவேளை எடுத்து வெளியே வந்தாள். நடைபாதையில் நின்று, வரிசையாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். நடுவில் அவள் குறுக்கிடவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

"மூண்டு மாசம்," என்றாள் கடைசியில். "மூண்டு மாசம் நான் அம்மாவோடை சண்டை பிடிச்சனான். நீ பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சனி."

"ஓம்."

"எடி, உனக்கு விருப்பமெண்டா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியோ?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், தலையை ஒருபக்கம் சரித்து, சின்ன வயதில் கணக்குக்கு விடை தேடும்போது இருப்பதுபோல.

"இல்லை," என்றாள். பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் நேரத்துக்குப் போனாள்.

இப்போதைய நிலை இது. பதினைந்து பதிவுகளும் உள்ள திருத்திய கோப்பை, மூலப் பக்கங்களின் படங்களோடு, அவனுக்கும் மாமிக்கும் மச்சாளுக்கும் அனுப்பிவிட்டேன். நீக்கியது யார் என்றும் எழுதினேன். அவன் இரண்டு வரியில் நன்றி எழுதினான். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை. மாமி சம்மதித்துவிட்டார். மெரியில் ஜூலை கடைசிச் சனிக்கிழமை நாள் எடுத்திருக்கிறார்கள். மீதி ஆறு பூசைகளையும் மாமி நிறுத்தவில்லை. பாதர் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது, அந்தாளுக்கு அதனால் கெடுதியும் இல்லை என்கிறார். மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. கலியாண அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது, உறையில் அம்மா அப்பாவின் பெயரோடு என் பெயரும் இருக்கிறது, அவளுடைய கையெழுத்தில். வருவேனா என்று நான் இன்னும் பதில் எழுதவில்லை. பொறாமை குறையவில்லை.